வியாழன், இரண்டு முதல் ஐந்து

ஹார்னோசாண்டில் இந்தக் கட்டடத்துக்கு
இது என் நான்காவது வருகை.
ஐம்பத்தாறு வீடு, எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள்.
நிலவறையில் சலவைக்கூடம், இரண்டு இயந்திரம்.
இடப்பக்கத்தது மட்டும் நின்று நின்று போகும்.

சுவரில் ஒரு பலகை,
ஏழு நாளும் பொழுதுபொழுதாகத் துளைகள்.
வீட்டுக்கொரு குட்டிப் பூட்டு, அதன் மேல் வீட்டு எண்.
எந்தத் துளையில் மாட்டுகிறாயோ
அந்த மூன்று மணி நேரம் உன்னுடையது,
வேறொருவர் வாசல் மிதிக்க மாட்டார்.
ஒருவர் கண்ணில் ஒருவர் படாமலே
நாற்பது வருடம் துவைத்துக்கொள்ளலாம்.
நல்ல ஏற்பாடு.
என் குடியிருப்பிலும் இதுதான்.

பிப்ரவரியில் முதல்முறை வந்த அன்று
மேல்மாடியில் நிர்வாகம் 'தோழமை நேரம்' வைத்திருந்தது.
வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி,
ஏலக்காய் ரொட்டி, பலூன்.
எட்டிப்பார்த்தேன்.
ஒருங்கிணைப்பாளர் பெண் ஒற்றையாய் உட்கார்ந்து
பலூன்களின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.
எனக்கு ரொட்டி தந்தாள்.
இரண்டு.

கீழே, பலகையில்,
முப்பத்தொன்றாம் எண் பூட்டு.
ஏவால்ட் என்பவருடையது. ஜனவரியில் இறந்துவிட்டார்.
சாவியைத் தேடினார்களாம், கிடைக்கவில்லை.
வியாழன் இரண்டு முதல் ஐந்துவரை
யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

அதனால்தான் குன்வோர் ஒரு மேசைவிரிப்போடு வந்தார்.
அதனால்தான் பொர்யே இரண்டு சட்டையோடு வந்தார்.
மன்னிக்கவும் என்று இவர் திரும்ப,
மன்னிக்கவும் என்று அவர் திரும்ப,
இயந்திரம் பாதியில் நின்றது.
உள்ளே தண்ணீர், கதவு திறக்கவில்லை.
துணியை விட்டுவிட்டு யார் போவது?
நான் பனியில் வண்டியோட்டி வந்து சேர
இரண்டு மணி நேரம் ஆயிற்று.
நுழையும்போது காதில் விழுந்தது:
"அந்த ராத்திரி இருமல் நீங்கள்தானா?"
"விடியுமுன்னே வானிலை அறிக்கை கேட்பது நீங்களா?"
ஒன்பது வருடம்.
ஒரே ஒரு கூரைத்தளம் இடையில்.

வடிகட்டியில் ஒரு பொத்தான் சிக்கியிருந்தது.
எடுத்துப்போட்டேன். சட்டையென்றால் பொத்தான் உதிரும்.

அடுத்த முறை நான்கு பேர். மறுபடி பொத்தான்.
அதற்கடுத்து ஏழு பேர், காப்பிக் குடுவை,
சீட்டுக்கட்டு, ஒரு மடக்கு நாற்காலி.
மறுபடி.

இன்று பதினொரு பேர்.
திருகைக் கழற்றிக் கையை விட்டேன்.
பழுப்புப் பொத்தான், நான்கு கண்,
ஒரு கண்ணிலும் நூல் போன தடம் இல்லை.
கடை அட்டையிலிருந்து நேராக வந்தது.
நிமிர்ந்து பார்த்தேன்.
பதினொரு பேரும் விட்டத்தைப் பார்த்தார்கள்.
காகித ஆலையில் முப்பது வருடம் இருந்த டோர்ஸ்டென் மட்டும்
சட்டென்று மூச்சை உள்ளிழுத்தார்.
எங்கள் வடக்கில் அதற்கு 'ஆம்' என்று பொருள்.
நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

பொத்தானை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
படிவத்தில் எழுதினேன்:
கோளாறின் காரணம் தெரியவில்லை,
அடுத்த வியாழன் மறுபரிசோதனை.

நிர்வாகி வந்தார். சட்டம் சட்டம்தான், நல்ல மனிதர்.
கருவி இருந்தால் இந்த முப்பத்தொன்றை
வெட்டி எடுத்துவிட முடியுமா என்றார்.
என் வெட்டுக்கத்திரி சிறியது என்றேன்.
கப்பல் சங்கிலியையே துண்டாக்கும் அது,
வண்டியில் கிடக்கிறது.

உயிரோடிருந்தவரை ஒருவரையும்
கதவுக்குள் அழைக்காதவராம் ஏவால்ட்.
இப்போது வாராவாரம்
அவர் பொழுதில்தான் பந்தி.

எல்லாரும் வந்துவிடவில்லை.
பதினெட்டாம் வீட்டு ராக்ன்ஹில்ட்
ஞாயிறு கடைசிப் பொழுதில் துவைப்பவர்,
விளக்கைக்கூட முழுதாகப் போடுவதில்லை என்றார்கள்.
புறப்படும்போது பலகையைப் பார்த்தேன்.
பதினெட்டு ஞாயிற்றில் இல்லை.
வியாழன், ஐந்து முதல் எட்டு.
முப்பத்தொன்றுக்கு அடுத்த துளை.

மணி நாலே முக்கால்.
கருவிகளை ஒவ்வொன்றாய்த் துடைத்து
மெதுவாகப் பெட்டியில் அடுக்கினேன்.
குன்வோர் இன்னொரு கோப்பையைக் கழுவினார்.
யாரும் எழுந்திருக்கவில்லை.