இதைவிடக் கனமாய்

மைனாட் நகரத்தில் பிப்ரவரி.
கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும்
வடக்கு டகோட்டா மொத்தமும் உள்ளே வந்து
பூட்ஸைத் தட்டிவிட்டுப் போகிறது.

கடையில் நானும் ஹீட்டரும்தான்.
லோர்னா ட்வெட், ரயில் யார்டில் இரவு வேலை,
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு
கைத்துப்பாக்கியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.
தோட்டாக்கூடு தனியே, அறை திறந்தபடி, காலி.
முறை தெரிந்தவள்.

முந்நூறு டாலருக்குள் முடிகிற ரகம்.
பிளாஸ்டிக் உடம்பு. வெளியே சுத்தியல் கிடையாது,
ஊசி உள்ளுக்குள்ளேயே இழுபட்டுக் காத்திருக்கும்.
சுடுவதில் குறை சொல்ல முடியாது.
விசைதான் பிசகு.
ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்:
முதலில் ஒன்றுமே இல்லாத ஓர் இழுப்பு,
அப்புறம் சோற்றில் கடிபட்ட மணல்,
அப்புறம் ஒரு சுவர்,
நான் வேறெதையோ நினைத்த நேரத்தில்
டப்.

விசையின் எடை பார்க்கத் தனிக்கருவி உண்டு, என்னிடம் இல்லை.
உறைந்த ஏரியில் துளைபோட்டுப் பிடிக்கிற மீனை
நிறுக்கும் கொக்கித் தராசுதான்.
ஆறே கால் பவுண்டு.

என் வாய் தானாகவே திறந்துகொண்டது.
இதற்கெல்லாம் மருந்து இருக்கிறது என்றேன்.
மூன்று விசைகளைத் துணிமேல் பரப்பினேன்.
சிவப்பு அலுமினியம், தட்டையான முகம்.
கறுப்பு, பழைய வளைவு, ஆனால் வெண்ணெய்.
மூன்றாவதன் விலை துப்பாக்கியில் பாதி
(சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்),
ஆனாலும் மூன்றரை பவுண்டு,
நினைத்தால் போதும், விரல் அங்கே இருக்கும் என்றேன்.
எல்லோரிடமும் சொல்கிற வசனம்.

பதினெட்டு வருடமாக இந்த மேசைக்கு வருகிறவர்கள்
கேட்பது ஒன்றே ஒன்று: இலேசாக.
பந்தயத்துக்குப் போகிற பையன்கள்,
முடக்குவாதம் பிடித்த பாதிரியார்,
எண்ணெய்க் கிணற்றில் ஆள்காட்டி விரல் நுனியைத் தொலைத்துவிட்டு
நடுவிரலால் பழகிக்கொண்ட டெல்மர் அஷூர்,
எல்லோரும்.

அவள் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள்.
கறுப்பில் கொஞ்சம் நேரம் நின்றாள்.
“இதைவிடக் கனமாய் ஏதாவது இருக்கிறதா?”

சரியாகக் கேட்கவில்லையோ என்று
ஹீட்டரை அணைத்தேன்.
“கனமாய்,” என்றாள் மறுபடி.

வெளியே உப்பு லாரி ஒன்று
சாலையை உரசிக்கொண்டு போய் முடிந்தது.

“நவம்பரில் பின்கதவு திறந்தது.
ராத்திரி இரண்டே முக்கால்.
அந்த மணல் வரைக்கும் இழுத்துவிட்டேன்.
அங்கே கொஞ்சம் சிக்கியது.
அப்போதுதான் இருமினான்.”

யார் என்று நான் கேட்கவில்லை.
“நாலு வயதிலிருந்தே ஆஸ்துமா,” என்றாள்,
விலைச்சீட்டைப் பார்த்துக்கொண்டு.

இழுப்பறையின் அடியில்
ஒருவரும் சீண்டாத ஒரு பொட்டலம்.
எங்கோ ஒரு காவல்துறை, தன் ஆட்கள் அவசரப்படாமலிருக்கக்
கேட்டு வாங்கிய ஸ்பிரிங்கில் மிச்சம்.
ஆறு டாலர். மசி வெளுத்திருந்தது.
மாட்டிக் கொடுத்தேன். முள் எட்டைத் தாண்டி நின்றது.

மணலையும் எடுத்துவிடட்டுமா,
பாலிஷ் போட்டால் பத்தே நிமிடம் என்றேன்.
அதற்குத்தான் அவள் நெடுநேரம் எடுத்துக்கொண்டாள்.
“இருக்கட்டும்.”
ஐந்து டாலர் தாள் ஒன்று, மீதி சில்லறையாய்.
கையுறை, பல், கதவு, குளிர்.

கடை சாத்தியபின்
என் இடுப்பில் இருந்ததைக் காலி செய்து
கொக்கியில் மாட்டினேன்.
இரண்டே முக்கால்.
போன வாரம்கூட இந்த எண்ணைச் சொல்லி
ஒருவனை வாயடைக்க வைத்தேன்.
இன்னொரு முறை மாட்டினேன். அதேதான்.

வண்டி ஓட்டிப் போகும்போது
விரலெல்லாம் மீன் வாடை.