ஐந்து ரூபாய் அளவு

கடலுக்குப் போகாத நாள்.
கச்சான் மூன்றாம் நாளாகக் கூரைத் தகரத்தைப்
பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறது.
பாசிப் பையும் காலில் கட்டும் தட்டும்
கதவு மூலையில் காய்ந்து கிடக்க
நான் பூவரசு இலை அலசுகிறேன்.

இறால் பண்ணை வாய்க்கால் ஓரத்து மரம்
கைக்கெட்டும் தூரம்தான்.
அதை விட்டு, மாதா கோயிலுக்குப் பின்னால்
உப்புக் காற்றில் முதுகு வளைந்த மரம்வரை
நடந்து போய்ப் பறித்தது.
மூன்று தண்ணீர் மாற்றியும் அடியில் மணல்.
சின்னப்பாலத்தில் மணல் இல்லாத சட்டி
யார் வீட்டில் இருக்கிறது.

கொதித்து ஆறிய நீரில் சாறு இறங்குகிறது.
பச்சை என்று சொல்ல முடியாது.
கரையேற்றிய வள்ளத்தின்
அடிவயிற்று நிறம்.

வாசலில் நம்புக்கனி,
இரண்டு முழங்கையையும் சொறிந்தபடி.
சட்டையோடு ஆறு மணி நேரம் கடலில் ஊறி
வெயிலில் காய்ந்து மறுபடி ஊறி
உப்புப் பூத்த தோல்.
"ஊத்து, தேச்சுக்கிறேன்.
எலதானடி, என்ன செஞ்சிரும்?"

இலைதான்.
எருக்கம்பாலும் இலையைக் கிள்ளினால் வருவதுதான்.

போன பங்குனியில் முகம் வெளுக்க
எலுமிச்சையும் ஏதோ தழையும் அரைத்துப் பூசி
உச்சி வெயிலில் பாசி உலர்த்தியவள் நான்.
சாயங்காலம் எரிச்சல்,
அடுத்த நாள் கொப்புளம்.
சாறு வழிந்த வழியெல்லாம்
கழுத்தில் ஒரு பழுப்பு ஆறு,
ஆடி முடிந்தும் வற்றவில்லை.
அது புருஷன் அடித்த தழும்பு என்று
மீன் சந்தையில் ஒருத்தி முடிவே கட்டிவிட்டாள்.
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
"பழச்சாறும் வெயிலும் சேர்ந்து சுட்டிருக்கு"
என்றார் தோல் டாக்டர்,
மழை வரும்போல என்று சொல்கிற குரலில்.

அதிலிருந்து
என் இடது முன்கையின் உட்புறம் பரீட்சைத் தாள்.
பேனாவால் ஐந்து ரூபாய் அளவு வட்டம்,
உள்ளே ஒரு சொட்டு.
சொறி இல்லாத இடம் பார்த்து
அவள் கையிலும் ஒன்று வரைந்தேன்.
நாளை பார்ப்போம். நாளை மறுநாளும்.
"ஒரு சொட்டுக்கு ரெண்டு நாளா?
நாப்பது கிலோ பாசி எடுத்திருப்பேன்."
"இந்தக் காத்துலயா?"
சிரித்துவிட்டாள்.

பிறகு விரலை நீட்டினாள்.
துணி சுற்றியும் பார் கிழித்த வெட்டு,
ஓரம் வெளுத்து, நடுவில் ஈரம்.
"இதுக்காவது ஊத்து."
திறந்த புண்ணுக்கு இது இல்லை, நம்பு.
அதற்குச் சோப்பும் நல்ல தண்ணியும்,
காலையில் போய் ஒரு ஊசியும்.
"பெரிய நர்ஸு" என்று
சேலை முந்தியை உதறிப் போனாள்.

ராத்திரி கரண்ட் இல்லை.
இருட்டில் வட்டத்தைத் தடவிப் பார்த்தேன்.
தோல் என்ன நினைக்கிறது என்று
தோல் சொன்னால்தான் உண்டு.
காற்று மிஞ்சினால் பாம்பன் பாலத்தில்
ரயிலையே நிறுத்தி வைக்கிறார்கள்,
ஆயிரம் பேர் உள்ளே உட்கார்ந்திருக்க.
ஒரு சொட்டு காத்திருந்தால் என்ன.

இரண்டாம் நாள்
என் வட்டம் வெறும் வட்டம்.
அவளுடையது சிவந்து மேடிட்டுப்
பேனாக் கோட்டைத் தாண்டியிருந்தது.
அதே மரம், அதே சட்டி,
ஒரே கடலில் ஊறிய இரண்டு கை.

வெகுநேரம் அதையே பார்த்தாள்.
"முழங்கை பூரா தேச்சிருந்தா?"
நான் சீசாவைத் துடைத்தேன்.
ஒட்டியிருந்த காகிதத்தில் தேதிக்குக் கீழே
எழுதினேன்: நம்புக்கனிக்கு ஆகாது.
"ஏண்டி, ஊர் பூரா எம்பேரக் கெடுக்கிற."

மூடியைத் திறந்தால் லேசாகப் புளித்த வாடை.
யாருக்கும் ஆகாது இனி.
வாசலில் கொட்டினேன்.
மணல் குடித்தது, ஒரு கேள்வியும் இல்லாமல்.

புதன்கிழமை தோல் டாக்டர் வருவார்.
கச்சான் இறங்கிவிட்டது,
அவள் போவாளா தெரியாது.
இப்போதைக்குக் குடத்து நல்ல தண்ணீரில்
முழங்கையின் உப்பைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்,
வட்டத்தில் தண்ணீர் படாமல்,
அழிந்துவிடக் கூடாது என்பதுபோல.