ஏழாம் எண் கணினி

ஔலு நூலகத்தில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.
பதினொரு கணினிக்கும் எதற்கு ஒலி
என்று நினைத்ததுதான் என் குற்றம்.

நவம்பர். மூன்றரைக்கே இருட்டு.
எவரும் பிரிக்கலாம், எவரும் பூட்டலாம் என்று
நகராட்சிக் கூட்டத்தில்
நானே வாதாடிக் கொண்டுவந்த லினக்ஸ்.
ஒலிச்சேவையை நீக்கு என்றேன்.
கூடவே போகிறவர்களை அது வாசித்தது:
கடிகாரம், அச்சுப்பொறி, படம் காட்டி,
சுட்டியின் அம்பு,
கடவுச்சொல் கேட்கும் அந்தச் சின்னப் பெட்டி,
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.
தொடரவா?
ஆம் என்பதற்குப் பெரிய எழுத்து,
இல்லை என்பதற்குச் சிறிய எழுத்து.

நூலகத்தில் ஒரு நூலை இழுத்தேன்,
சட்டையே கையோடு வந்தது.

கடிகாரத்துக்கும் ஒலிக்கும் என்ன உறவு?
தோண்டிக்கொண்டே போனேன்.
கடிகாரம் நாட்காட்டியைச் சார்ந்தது,
நாட்காட்டி, மணியடிக்கிற இன்னொன்றை,
அது, நாற்பது வரி நிரல் ஒன்றை.
எழுதியவர் மான்டிவிடியோவில் பல் மருத்துவர்,
பெயர் அனிபால் செபெரியோ.
அவருடைய கடைசிக் குறிப்புக்கு இரண்டு வயது:
மகள் பிறந்திருக்கிறாள், பிறகு பார்க்கிறேன்.

என் நூலகத்துக் கடிகாரம்
அவள் தூங்குவதற்காகக் காத்திருக்கிறது.

பூட்டு இல்லை, உண்மைதான்.
கதவைத் திறந்தேதான் வைத்திருக்கிறார்கள்.
கதவைக் கழற்றினால் சுவரும் வருகிறது, அவ்வளவே.

விட்டுவிடு ஹில்க்கா என்றான் ஹெய்மோ,
ஒலியைச் சுழியத்தில் வைத்தால் போதாதா?
போதும்.
போதும் என்பதால்தான் எனக்குத் தூக்கமில்லை.

ஏழாம் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
முதல் வாரம் முழுக்கக் கறுப்புத் திரை,
இடது மூலையில் ஒரு கோடு துடித்தது.
அந்த நாற்பதிலிருந்து ஒன்பது வரியைப் பெயர்த்து
அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.
இனி அது உடைந்தால்
நடுராத்திரியில் எழுந்திருக்க வேண்டியவள் நான்.
விடுதலை என்று கூட்டத்தில் சொன்னேனே,
இதைத்தானா?

டிசம்பர் இரண்டாம் தேதி
அது சத்தமில்லாமல் எழுந்தது.
நேரம் சரியாக இருந்தது.

நூலகம் திறந்ததும் முதல் ஆளாகத் தாவெத்தி பெல்கோனென்,
பனி அள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர்.
பதினொன்றையும் ஒருமுறை பார்த்தார்.
நேராக ஏழுக்குப் போய் உட்கார்ந்தார்.
ஏன் இது என்று கேட்டேன்,
குரல் கொஞ்சம் நடுங்கியது.

கையுறையைக் கழற்றி
பக்கத்துச் சுவரின் வெப்பக்குழாயைத்
தொட்டுக் காட்டினார்.