இப்போது வேண்டாம்

முன்பு இரண்டு பொத்தான் இருந்தது.
‘சரி’ என்று ஒன்று,
‘இப்போது வேண்டாம்’ என்று இன்னொன்று.
எட்டு மாதம் இரண்டாவதை அழுத்தியே பிழைத்தேன்,
கடன்காரனிடம் கதவிடுக்கில் பேசுவதுபோல.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை
இரண்டாவது பொத்தானைக் காணோம்.

கிசுமுவில் மழை பிடித்திருந்தது.
கொண்டேலே சந்திப்பில் பைக்கை ஓரங்கட்டி,
பெட்ரோல் காசில் டேட்டா வாங்கி,
‘சரி’ என்றேன்.
ஒரு வட்டம் சுற்றியது.
சுற்றியது.
மீன்கூடையோடு ஏற வந்த பெண்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
அடுத்த பைக்கில் ஏறிப் போனாள்.
சுற்றி முடித்து அது சொன்னது:
உங்கள் கைபேசி இந்தச் செயலிக்குப் பழையது.

பழையதா?
விழுந்த இடத்திலெல்லாம் எழுந்த போன்.
திரையில் விரிசல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்,
எங்கள் ஏரிக்கரை மாதிரி வளைந்து வளைந்து.
ஆனால் கூப்பிட்டால் அடிக்கும்.
நேற்றுவரை சவாரி பிடித்துத் தந்தது.
நாங்கள் இருவரும் தூங்கியபோது
என்ன நடந்தது?

கடைக்கார ஒபிலோ புதியதை எடுத்து வைத்தான்.
முன்பணம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
பிறகு நாளுக்கு எழுபது ஷில்லிங், ஒரு வருஷம்.
கட்டாத நாளில் போன் தானே பூட்டிக்கொள்ளும்.
“பயப்படாதே, கட்டினால் திறந்துவிடும்” என்றான்,
தன் நாய் கடிக்காது என்கிறவன் குரலில்.

சவாரிக்குச் செயலி.
செயலிக்குப் புது போன்.
போனுக்குத் தவணை.
தவணைக்குச் சவாரி.
ஒமேனா மீனில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவினோ
கணக்கை முழுக்கக் கேட்டுவிட்டு
நிமிராமலே சொன்னாள்:
“இதில் நீ எங்கே இருக்கிறாய்?”

ஜூனில் செயலியின் பங்கு
நூற்றுக்குப் பதினைந்திலிருந்து பதினெட்டானது.
‘மேம்பட்ட அனுபவம்’ என்று எழுதியிருந்தார்கள்.
வரைபடத்தில் என் பைக்குக்கு ஒரு நிழல் போட்டிருந்தார்கள்.
அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.
என் பெயரை மற்றவர்களுக்கு முன்னால் காட்ட
வாரம் நூறு ஷில்லிங்.
சுண்டைக்காய் கால்பணம்தான்;
சுமைகூலிதான் கழுத்தை அறுத்தது.

அந்த வாரத்தில்தான் நர்ஸ் அஜ்வாங்
இரவு வேலைக்குப் போக ஏறினாள்.
மம்போலெயோ தாண்டியதும் திரை கறுத்தது.
நடுவில் ஒரு பூட்டின் படம்.
எழுபது ஷில்லிங்.

நான் நின்றுவிட்டேன்.
பிறந்து வளர்ந்த ஊர்.
நீலக்கோடு அணைந்ததும்
இடமா வலமா என்று
கொட்டும் மழையில் நிற்கிறேன்.
அவள் என் தோளைத் தட்டி,
“ஏன், வழி தெரியாதா?”
“தெரியும்” என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது.

மரவாடிக்குப் பின்னால் நுழைந்து
சர்ச் சுவரை ஒட்டி, அந்த நாறும் வாய்க்காலைத் தாண்டி,
செயலி ஒருநாளும் கூட்டிப்போகாத சந்து வழியாக
நாலு நிமிஷம் முந்திக் கொண்டுபோய்விட்டேன்.
கையில் காசு தந்தாள். நனைந்திருந்தது.
அதில் எழுபதைக் கட்டினேன்.

திறந்தது.
‘ஓட்டுநர் சவாரியை ரத்து செய்தார்’ என்றிருந்தது.
நட்சத்திரம் நாலு புள்ளி எட்டிலிருந்து
நாலு புள்ளி ஐந்து.
உதவி கேட்டு எழுதினேன்.
அஜ்வாங்கின் பெயர், ஆஸ்பத்திரி, மழை, எல்லாம்.
வினாடிக்குள் பதில் வந்தது:
‘உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி.’
கீழே ஒரே பொத்தான். ‘ஆம்’.

பழைய போன் உப்பு டப்பாமேல் கிடக்கிறது.
சிம் இல்லை. சவாரி இல்லை.
எங்கேயோ இருக்கிறவர்கள் அதைக் கைவிட்ட சேதி
அதற்கு இன்னும் எட்டவில்லை போல.
தினமும் நாலரைக்கு அதுதான் என்னை எழுப்புகிறது,
புதியவனின் தவணைக்கு நான் ஓட.

விரிசலுக்குக் கீழே இன்னும் இரண்டு பொத்தான்.
‘நிறுத்து’.
‘பிறகு எழுப்பு’.

இருட்டில் கைநீட்டி இரண்டாவதை அழுத்துகிறேன்.
ஐந்து நிமிஷம் தருகிறது.
காசு கேட்பதில்லை.