மின்விசிறி நிறுத்திய அறை

சத்துவாச்சாரியில், அக்னி நட்சத்திரத்தில்,
மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும்
ஒரே வாடகை அறை எங்களுடையதாக இருக்கும்.
காற்று பட்டால் கடல் பறந்துவிடும்.
பெருமூச்சுக்கும் அனுமதி இல்லை.

வேலையின் பெயர் பொறுக்குதல்.
வீட்டுக்காரர் கேட்டபோது
"பொறுக்குறேன்" என்றேன். முகம் மாறிப்போனார்.
சேற்றைச் சல்லடையில் அலசி உலர்த்தினால்
மிஞ்சும் மணலில்
மணல் அல்லாததை எடுக்க வேண்டும்.
தட்டுக்கு நாற்பது ரூபாய்.
தூரிகை நுனியை நாக்கில் தொட்டு
(தொடக் கூடாது என்பது விதி)
கறுப்புத் தட்டில் ஒவ்வொன்றாய், முன்னூறு.

ஒற்றைச் செல், அதற்கொரு சுண்ணாம்பு வீடு.
வளர வளர அறைக்கு மேல் அறை.
போன மாதம் காரைக்கால் பக்கத்து ஆழ்துளை வந்தது.
இரட்டை விளிம்புள்ள ஒன்று
தட்டுக்குத் தட்டு கூட்டமாய் வந்துகொண்டிருந்தது.
ஒரு விரற்கடைக்கு மேலே
ஒன்றுகூட இல்லை.
"ஆறரைக் கோடி ஆண்டு" என்று குறித்துக்கொண்டார் முனிரத்தினம் சார்,
பேருந்து எண் எழுதுவது போல.

ஜன்னலில் தெரிகிற மலையில் ஓடு கிடைக்காது.
ஓடு கட்டத் தெரிந்த உயிர் வருமுன்பே
இறுகிப்போன பாறை.
பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு
இரவு பத்து மணிக்கு எங்களிடம் திருப்பித் தரும்.

இந்த வாரக் குழாய் பாலாற்றினுடையது.
வயலூரில், கடலைத் தொடும் இடத்தில் இறக்கியது.
இரண்டு மீட்டர். அடியிலிருந்து தொடங்கினேன்.
அமோனியா வந்தால் உப்பும் நன்னீரும் கலந்திருந்த காலம்.
நடுக்கடல் இனம் வந்தால் ஏதோ புயல் உள்ளே தள்ளியது.
ஓடே இல்லாமல் பருமணல் என்றால்
ஆறு வந்த வருடம்.
எத்தனை வருடம் வந்திருக்கிறது!

அமோனியா என்பது நெடியல்ல, பெயர்.
ஆட்டுக்கடாவின் கொம்பாய்ச் சுருண்டிருப்பதால் வைத்தார்களாம்.
நான் ராணிப்பேட்டைக்காரி.
ஆட்டுத்தோல் ஷெட்டுக்கு எதிர்ப் பள்ளிக்கூடத்தில்
மூக்கைப் பொத்தாமல் டிபன் சாப்பிடப் பழகியவள்.
எனக்கு இரண்டும் ஒரே சொல்.

மேல் பன்னிரண்டு சென்டிமீட்டரில்
சுருள் பிசகத் தொடங்கியது.
கடைசி அறை வீங்கி ஒன்று.
ஒரே உடலுக்கு இரண்டு வாசலோடு ஒன்று.
ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இரண்டு.
உடைந்ததைத் தள்ளிவிடலாம், கணக்கில் வராது.
இவை உடையவில்லை.
கிடைத்த தண்ணீரில் கட்டியிருக்கின்றன.
முன்னூற்றில் இருபத்தொன்று.

படிவத்தில் 'குறிப்பு' என்ற கட்டம்
தீப்பெட்டி அகலம்.
"குரோமியம் பார்க்கவும்" என்று எழுதினேன்.
அப்பா வேலை செய்த ஷெட்டின் பெயரை
சேறு சொல்லவில்லை.
நானும் எழுதவில்லை.
'பொறுக்கியவர்' என்ற இடத்தில்
ம. சுகிர்தவதி.

தட்டை மூடிவிட்டு விசிறியைப் போட்டேன்.
மணிக்கட்டு வியர்வையில் ஒன்று ஒட்டியிருந்தது,
எந்த ஆழத்தினதோ.
கையையே லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
பிறகு எழுந்துபோய்
விசிறியை நிறுத்தினேன்.