பாபு ஒன்று முதல் பதினான்கு வரை

பணகுடிக்குத் தெற்கே கிரஷரில்
வருகைப் பதிவேடு எழுதுகிறவன் நான்.
ஒடியாப் பெயர்கள் பேனாவுக்கு மசியவில்லை.
பாபு 1, பாபு 2 என்று போட்டேன்.
பதினான்கு பாபுக்கள்.
பெண்களுக்கு அதுகூட இல்லை:
பாபு 6 பெஞ்சாதி, பாபு 9 தங்கச்சி.

ஆதார் அட்டைகள் எல்லாம்
என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்
ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன.
"பத்திரமா இருக்கட்டும்வே" என்றார் முதலாளி.
சாவி என் அரணாக்கயிற்றில்.

தம்மாமில் ஆறு வருஷம்
என் பாஸ்போர்ட்டும் பத்திரமாக இருந்தது.
அப்பா செத்த தகவல் வந்த அன்றும்
பத்திரமாக இருந்தது.
இதை நான் யாரிடமும் சொல்வதில்லை.
பெண் பார்க்கப் போனபோது
ஃபாரின் ரிட்டர்ன் என்று மட்டும் சொன்னோம்.

ஆடியில் கணவாய் வாய் திறக்கும்.
காற்றாலை அடியில் நின்றால்
பக்கத்து ஆள் இருமுவதுகூடக் கேட்காது.
அதனால்தான் அங்கே கூடினார்கள்.
ஞாயிறு சாயங்காலம் வட்டமாகக் குந்தி
ஒருத்தர் சொல்வதை அடுத்தவர் காதில்,
அவர் அதை அடுத்தவர் காதில்.
ஒரு வாக்கியம் சுற்றி வருவதற்குள்
ஒரு பீடி கரைந்துவிடும்.
"என்னலே அங்க, கோயில் கொடையா?"
சூப்பர்வைசர் இசக்கிராஜ் சிரித்தான்.

தொடங்கியவள் பாபு 9 தங்கச்சி.
ஏழு வருஷத்தில் நம் பேச்சை
ஜல்லி பொறுக்குவதுபோலப் பொறுக்கி வைத்திருந்தாள்.
வெள்ளைத்தாள் இரண்டோடு மேசைக்கு வந்தாள்.
"அண்ணாச்சி, எழுதுதீயளா?
கார்டு எங்க கைல வேணும்.
லேபர் ஆபீஸ்ல எங்களையும் பதியணும்.
ரேஷன் அரிசி இங்கனயே தரணும்.
வெரலு போனவனுக்குத் துட்டு வேணும்.
பெறவு
எங்க பேர எங்க பேரா எழுதணும்."

முடியாது என்றேன்.
எனக்கும் ரெண்டு புள்ளைய உண்டு என்றேன்.
அவள் நகரவில்லை.
"சவுதில ஒங்களுக்கு என்ன பேரு?"

யார் சொல்லியிருப்பார்கள்?

அங்கே எனக்கு ரஃபீக்.
பக்கத்துக் கட்டிலுக்கும் ரஃபீக்.
அறையில் எட்டு ரஃபீக்.
வியாகப்பன் என்று என்னைக் கூப்பிட்டது
மாதம் ஒரு தடவை, போனில், அம்மா.

எழுதினேன்.
இருபத்துமூன்று பேர்.
ஜடுமணி தண்டசேனா.
நாக்கில் மூன்று தடவை உருட்டினால்தான்
நிப்பில் இறங்கியது.
ருசிகேஷ் பாக்.
கடைசியில்தான் தன் பெயரைச் சொன்னாள்,
பைதேகி மாஜி.

திங்கள்கிழமை, கொக்கிரகுளம்.
கலெக்டர் ஆபீஸ் கேட்டில்
போலீஸ்காரம்மா ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து
மண்ணெண்ணெய்க்கு மோந்து பார்த்தாள்.
பைதேகியின் பாட்டிலில் நன்னாரி சர்பத்.
மனுவை வாங்கி ஒரு நம்பர் கொடுத்தார்கள்.
"மறுபடியும் நம்பர்" என்று
ஜடுமணி சிரித்தானாம்.

முதலாளிக்கு என் கையெழுத்து தெரியும்.
திட்டவில்லை. சாவிக்குக் கை நீட்டினார்.
முந்தின ராத்திரியே
இழுப்பறையைக் காலி செய்துவிட்டேன் என்று
எழுத ஆசைதான்.
செய்யவில்லை.
அவிழ்த்துக் கொடுத்தேன்.

பதிவேடு இப்போது இசக்கிராஜிடம்.
லாரி நம்பர் குறிக்கிற வேலை எனக்கு.
இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று
ஐந்து அட்டை திரும்பியது.
பதினெட்டு இன்னும் உள்ளே.

அடுத்த ஞாயிறு
வடக்கன்குளம் சூளையிலிருந்து நாலு பீகார்க்காரர்கள் வந்திருந்தார்கள்.
நானும் போனேன்.
யாரும் வா என்று சொல்லவில்லை,
நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டார்கள்.
தலைக்கு மேலே இறக்கை வெட்டிக்கொண்டே இருந்தது.
ருசிகேஷ் பாக் என் காதில் வாய் வைத்தான்.
புகையிலை வாடை, வெதுவெதுப்பு,
நாலோ ஐந்தோ சொல்.
ஒன்றும் பிடிபடவில்லை.

திரும்பி
சிந்தாமல்
அடுத்த காதில் வைத்தேன்.