அரை மணி நேரம்

சௌனாவில் அவளுக்கு வியர்க்கவில்லை.
நான்தான் முதலில் பார்த்தேன்,
பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.
சுடுகல்லில் இன்னொரு கரண்டி நீர் ஊற்றினேன்.
ஆவி சீறி எழுந்து என் தோலை உரித்தது.
ஹெல்வி மேல்பலகையில்
வெட்டவெளியில் பேருந்துக்கு நிற்பவள்போல்
கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று வருடம் முன்பு ஔலுவில்
அவள் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.
அன்றிலிருந்து எல்லாப் பழியும் அதன் தலையில்தான்.
படியில் மூச்சு வாங்குகிறதா, இதயம்.
கணுக்கால் வீங்குகிறதா, இதயம்.
தொடை வலிக்கிறதா, இதயத்துக்கான மாத்திரை.
பேச்சு இழுக்கிறதா,
டோர்னியோவில் டிசம்பர்,
யார்தான் வேகமாகப் பேசுகிறார்கள்?

கொழுப்பு இறங்கவில்லை என்று
வெண்ணெயை ஒளித்துத் தின்கிறீர்களா என்றார் ஒருவர்.
அன்றிரவு அழுதாள்.
அழுகைகூட மெதுவாகத்தான் வந்தது.
மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன்: நாற்பத்தாறு.

ரத்தம் எடுக்க வந்த பீயா
ஊசியை விட்டுவிட்டு அவள் புருவத்தைப் பார்த்தாள்.
வால்பக்கம் உதிர்ந்திருந்தது.
சீட்டில் இன்னொரு சோதனையையும் கேட்டு வாங்கிச் சேர்த்தாள்.

கழுத்தில், குரலுக்குக் கீழே,
யாரிடமும் சொல்லாமல்
ஒன்று வேலையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது.
தைராய்டு.

அப்படியானால் நிறையக் கொடுங்கள், நாளைக்கே, என்றேன்.
மருத்துவர் ரைதா உதட்டைப் பிதுக்கினார்.
இந்த இதயத்தைச் சட்டென்று விரட்டினால்
நோகும், துள்ளும், தாளம் தப்பும் என்றார்.
மேற்கொண்டு நான் வாதாடவில்லை.
முப்பது வசந்தங்கள் எங்கள் ஆற்றின் பனி உடையக்
காத்திருந்தவன்.
மெல்ல இளகிய வருடங்களில் ஆறு தன்பாட்டில் போனது.
ஒரே வாரத்தில் வெயில் கொளுத்திய வருடம்
பாளங்கள் எங்கள் படகுத்துறையைத்
தூக்கிக்கொண்டு கடலுக்குப் போயின.

ஆகவே பாதி மாத்திரை, அதிலும் சின்னது.
வெறும் வயிற்றில்.
காப்பிக்கு அரை மணி முன்பு.
ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம்,
அப்புறம் துளிக் கூடுதல்.

ஃபின்லாந்துக்காரியிடம் காலைக் காப்பியைத்
தள்ளிவைக்கச் சொல்லிப் பாருங்கள்!
ஹெல்வி ஒன்றும் சொல்லவில்லை.
காலிக் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் கடைசியில் ஒரு வியாழன்.
கடிகாரத்தை என் மூக்குக்கு நேராகத் திருப்பி
இருபத்தொன்பது நிமிஷம் ஆச்சு,
ஊற்றுகிறாயா நானே ஊற்றிக்கொள்ளட்டுமா என்று
ஒரே மூச்சில் கேட்டாள்.
நாடியைப் பிடிக்கப் போனேன்.
கையைத் தட்டிவிட்டாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்.
பிர்ச் விறகு பிளந்து வைத்திருக்கிறேன்.